லயத்துத் தோட்டமும் இருவாட்டி மண்ணும்
(தோட்ட மக்கள் முன் ஆற்றிய உரை)



நாங்கள் சம்மாந்துறையிலிருந்து வந்திருக்கிறோம். நெல் செய்கிறவன் தேயிலைக்காரருக்கு என்ன சொல்லப் போகிறான் என்று நினைப்பீர்கள். எங்கள் வயலுக்குப் பாயும் கல்லோயா, பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில்தான் பிறக்கிறது. அந்தச் சரிவுகளில் மழைக்குக் கரையும் மண் இங்கினியாகலைக் குளத்தில் வந்து படிகிறது. மலைக்கும் நட்டம், வயலுக்கும் நட்டம்.

சுமார் 40 வீதம் மணல், 40 வீதம் வண்டல், 20 வீதம் களி சேர்ந்ததை இருவாட்டி மண் என்கிறோம். வெறும் மணலில் தண்ணி நிற்காது. கல்முனைக் கடற்கரைக்கு வந்தால் பார்க்கலாம். வெறும் களி மழைக்குச் சேறு, வெயிலுக்கு வெடிப்பு. இருவாட்டி தண்ணியையும் பிடிக்கும், வேருக்குக் காற்றையும் விடும்.

உங்கள் லயத்துப் பின்பக்க மண்ணை ஈரமாக்கி உருட்டி, பெருவிரலால் நாடாபோலத் தள்ளிப் பாருங்கள். உருண்டையே நிற்காவிட்டால் மணல். ஓர் அங்குலத்துக்குள் அறுந்தால் இருவாட்டி. இரண்டு அங்குலத்துக்கு மேல் நீண்டால் களி. களிக்கு மணல் சுமந்து கொட்டாதீர்கள், முதுகு முறிந்ததுதான் மிச்சம். இரண்டுக்கும் மருந்து கூட்டெருதான்.

எங்கள் பிழையையும் சொல்லிவிடுகிறோம். அறுவடை முடிந்ததும் வைக்கோலைக் கொளுத்தி, வயல் துப்புரவாகிவிட்டது என்று இருந்தோம். பயிர் எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் கிடக்கிறது. நைதரசனோ எரித்தால் புகையாய்ப் போய்விடும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து நவம்பரில் நீக்கினார்களே, அப்போதுதான் எரித்த வைக்கோலின் விலை எங்களுக்கு விளங்கியது.

ஆகவே கவ்வாத்துக் குச்சியை எல்லாம் அடுப்புக்கே கொண்டுபோகாதீர்கள். விறகுக் கஷ்டம் எங்களுக்கும் தெரியும். தடித்ததை எடுங்கள், இலையும் சிறு குச்சியும் மண்ணிலேயே கிடக்கட்டும். மரக்கறிப் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். மேலிருந்து கீழே வெட்டினால் ஒரு மழையில் மேல்மண் போய்விடும். பாத்தி ஓரத்தில் மானாப்புல்லோ கிளிரிசிடியாவோ நட்டால் மண்ணைப் பிடிக்கும், வெட்டி மூடாக்கும் போடலாம்.

இன்னொன்று. தேயிலை புளிப்பு மண்ணில் வளரும். அதற்கு அமிலகாரப் பெறுமானம் 4.5 முதல் 5.5 வரை போதும். போஞ்சிக்கும் கோவாவுக்கும் 6க்கு மேல் வேண்டும். ஆதலால் மரக்கறிப் பாத்திக்கு நடுவதற்குச் சில கிழமைகள் முன்பே டொலமைட் தூவிக் கொத்திவிடுங்கள். அதே அளவைத் தேயிலை அடியில் கொட்டிவிட வேண்டாம். அதற்கு வேறு கணக்கு.