அரக்கு வண்ணத்துக்கு எது துணை?

(தீபாவளி ஆடைத் தேர்வு குறித்துத் தொலைக்காட்சி அரங்கில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தீபாவளிக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும்போதே நம் வீடுகளில் ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது. "இந்த வருசம் என்ன கலர்?" என்பதே அது. மலாய்க் குடும்பங்கள் நோன்புப் பெருநாளுக்கு ஒரே வண்ணத்தில் உடுத்துவதை 'செடோண்டோன்' என்பார்கள். அந்தப் பழக்கம் நம்மவர்களுக்கும் பிடித்துப்போய்விட்டது. திறந்த இல்ல உபசரிப்பில் தாத்தா முதல் கைக்குழந்தை வரை ஒரே வண்ணத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதில் ஒரு தனி மகிழ்ச்சி இருக்கத்தான் செய்கிறது.

அப்படித் தேர்ந்தெடுக்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு அரக்கு வண்ணம் கைகொடுக்கிறது. அது கண்ணைப் பறிக்கும் சிவப்பும் அல்ல, மங்கல் நிறமும் அல்ல. பெரியவர்களுக்கும் பொருந்தும், சிறுவர்களுக்கும் பொருந்தும். ஆனால், கடைக்குப் போனதும் இரண்டு குரல்கள் கேட்கும். மாநிறத்துக்கும் சற்றுக் கூடுதலாகக் கறுத்த பெண்ணிடம், "உனக்கு இது எடுக்காதும்மா, இன்னும் கறுப்பா தெரிவே. வெளிர் கலரா பாரு" என்பார் அத்தை. கணவரை இழந்த பாட்டியோ, "எனக்கு எதுக்குய்யா சிவப்பு? ஒரு வெள்ளைச் சேலை போதும்" என்று தாமே ஒதுங்கிக்கொள்வார். ஒரே வண்ணம் என்று தொடங்கிய குடும்பத்தில் இரண்டு பேர் வரிசைக்கு வெளியே போய்விடுகிறார்கள்.

அரக்குக்கு எந்த வண்ணம் துணை என்பதை அறிந்துகொண்டால், இந்த இருவரையும் வரிசைக்குள் கொண்டுவந்துவிடலாம்.

முதலில் அரக்கு என்றால் என்ன? மரக்கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசினே அரக்கு. கடிதங்களுக்கு முத்திரை வைக்கும் அரக்கின் பெயரும் அதிலிருந்து வந்ததே. அந்தப் பூச்சியிலிருந்தே சிவப்புச் சாயமும் எடுத்துப் பட்டுக்கு ஏற்றினார்கள். அதே சாயத்தோடு படிகாரம் சேர்த்தால் செஞ்சிவப்பு வரும். இரும்புச் சத்து சேர்த்தால் நிறம் இருண்டு ஆழமாகும். இன்று கடைகளில் 'மெரூன்' என்றும் 'பர்கண்டி' என்றும் சொல்கிறார்கள். இரண்டும் உறவுதான், ஆனால் ஒன்றல்ல. மெரூன் சற்றுப் பழுப்புப் பக்கம் சாயும். பிரெஞ்சு நாட்டின் பர்கண்டி வட்டாரத்துத் திராட்சை மதுவின் பெயரைத் தாங்கிய பர்கண்டியோ சற்று ஊதாப் பக்கம் சாயும். குடும்பத்துக்கு ஒரே வண்ணம் எடுக்கும்போது இதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். இல்லையேல் ஆளுக்கொரு கடையில் இணையம்வழி வாங்கி, படத்தில் மூன்று வகை அரக்கு நிற்கும்.

அடுத்து, துணை வண்ணம். இங்கே ஒரு பழைய செய்தி உதவும். பிரான்சில் கோபெலின் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடம் இருக்கிறது. 1824ஆம் ஆண்டில் அங்கே சாயப் பிரிவின் பொறுப்பை மிஷெல் செவ்ரோல் என்ற வேதியியல் அறிஞர் ஏற்றார். கறுப்புச் சாயம் சோர்ந்து தெரிகிறது என்ற புகார் அவரிடம் வந்தது. சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறை இல்லை. நீலம், ஊதா ஆகிய வண்ணங்களை ஒட்டி வைத்து நெய்ததால்தான் கறுப்பு சோர்ந்து தெரிந்தது. பக்கத்தில் இருக்கும் வண்ணமே ஒரு வண்ணத்தை மாற்றிக் காட்டுகிறது என்ற இந்த விதியை விளக்கி 1839இல் அவர் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். ஆடையின் வண்ணம் முகத்தின் நிறத்தை எப்படி மாற்றிக் காட்டும் என்பதையும் அதில் எழுதினார்.

இந்த விதி காஞ்சிபுரத்து நெசவாளர்களின் கைக்குப் பழக்கமானது. உடலை ஒரு வண்ணத்திலும் கரையை வேறு வண்ணத்திலும் நெய்து இரண்டையும் கோத்து இணைப்பதைக் 'கோர்வை' என்பார்கள். அரக்கு உடலுக்குக் கடுகு மஞ்சள், மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, ராமர் பச்சை என்று எதிர்நிறக் கரை வைப்பது அங்கே வழக்கம். காரணம் எளிது. சிவப்புக்கு எதிரே நிற்பது பச்சை. பச்சை அருகில் இருந்தால் அரக்கில் மறைந்திருக்கும் சிவப்பு வெளியே வரும். மஞ்சள் அருகில் இருந்தால் அதன் ஆழம் தெரியும்.

இதை அன்றாட உடைக்கும் கொண்டுவரலாம். விழா நாளுக்கு மஞ்சளும் பச்சையும் உகந்தவை. அலுவலகத்துக்குச் சாம்பல், கருநீலம், சந்தன நிறம் பொருந்தும். பர்கண்டி சட்டைக்குச் சாம்பல் நிறச் சிலுவார் போட்டால் உறுத்தாமல் இருக்கும். பஞ்சாபி உடைக்குத் துப்பட்டாவை வெங்காய நிறத்திலோ வெளிர் நீலத்திலோ எடுத்தால் மென்மையாக இருக்கும். நகையில், மெரூனுக்குப் பொன் இயல்பாகச் சேரும். ஊதா கலந்த பர்கண்டிக்கு வெள்ளியும் அழகு.

சேராதவையும் உண்டு. பளிச்சென்ற மிளகாய்ச் சிவப்பை அரக்கின் பக்கத்தில் வைத்தால் அரக்கு அழுக்கேறிய பழுப்பாகத் தெரியும். சுத்தக் கறுப்பை வைத்தால் சற்றுத் தூரத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். மாலை விருந்துக்கு இது இன்னும் பொருந்தும். வெளிச்சம் குறையக் குறைய நம் கண் சிவப்பைத்தான் முதலில் இழக்கிறது. பகலில் செழிப்பாகத் தெரிந்த அரக்கு, அந்தி வேளையில் கறுப்பு போல் ஆகிவிடும். எனவே மாலை நேர உடையில் பொன் கரையோ தந்த நிற ரவிக்கையோ இருப்பது நல்லது.

இனி, அத்தையின் பேச்சுக்கு வருவோம். கறுத்த பெண்ணுக்கு ஆழமான நிறம் ஆகாது என்பது உண்மையா? செவ்ரோலின் விதிப்படி பார்த்தால் அது தலைகீழ். வெளிறிய துணியைப் பக்கத்தில் வைத்தால் கறுத்த மேனி மேலும் கறுத்துத் தெரியும். ஆழமான துணியைப் பக்கத்தில் வைத்தால் மேனி ஒளி பெறும். ஆக, எதைத் தவிர்க்க வேண்டுமென்று அத்தை நினைக்கிறாரோ, அவர் கையில் எடுத்துக் கொடுக்கும் வெளிர் சேலை அதையே செய்கிறது.

ஆனால், விவகாரம் அதோடு முடிவதில்லை. வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்பதே ஏன் நோக்கமாக இருக்க வேண்டும்? 1975இல் இந்தியாவில் அறிமுகமாகி நம் வீட்டுக் கண்ணாடி அலமாரிகள் வரை வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு, 2020இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லையே எடுத்துவிட்டது. பெயர் மாறிவிட்டது. துணிக்கடையில் பெண் பிள்ளையின் காதில் விழும் பேச்சு மாறிவிட்டதா? பதினைந்து வயதில், கடைக்காரர் முன்னிலையில் கேட்ட அந்த ஒரு வாக்கியத்தை நாற்பது வயதிலும் மறக்காத பெண்கள் இருக்கிறார்கள். கறுத்த மேனியில் அரக்குச் சேலையும் கடுகு மஞ்சள் ரவிக்கையும் எவ்வளவு கம்பீரமாக இருக்கும் என்பதை ஒருமுறை கட்டிப் பார்த்தால் போதும். எடுக்காது என்று சொல்லும் முன் உடுத்திப் பார்க்க ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

பாட்டியின் நிலை வேறு. அவரைத் தடுத்தவர் யாருமில்லை என்பது போலத் தோன்றும். ஆனால், ஒரு காலத்தில் யாரோ சொன்னதைத்தான் இன்று அவரே தமக்குச் சொல்லிக்கொள்கிறார். அவரை வற்புறுத்துவதும் சரியல்ல, அப்படியே விட்டுவிடுவதும் சரியல்ல. இங்கேயும் துணை வண்ணம் வழிகாட்டும். சந்தன நிற உடலில் அரக்குக் கரை போட்ட சேலை ஒன்றைக் காட்டிக் கேளுங்கள். குடும்ப வண்ணமும் அதில் இருக்கும், அவர் மனமும் சங்கடப்படாது. "முழு அரக்கே கட்டிக்கிறேனே" என்று அவர் சொன்னால், ஊர் என்ன சொல்லும் என்று யாரும் முகம் சுளிக்கக் கூடாது. முடிவு அவருடையது. கேட்பது நம் கடமை.

ஆண்களுக்கும் இதே வழிதான். எல்லாரும் தலை முதல் கால் வரை அரக்காக நின்றால் படத்தில் யார் கை, யார் தோள் என்று தெரியாது. ஒருவர் அரக்கு ஜிப்பாவும் வெள்ளை வேட்டியும் உடுத்தட்டும். மற்றொருவர் தந்த நிற ஜிப்பாவுக்கு அரக்குக் கரை வேட்டி உடுத்தட்டும். சிறுமிக்கு மஞ்சள் பாவாடையும் அரக்குச் சட்டையும் தைக்கலாம். வண்ணம் ஒன்றே, அளவுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

வாங்கும்போது இரண்டு எச்சரிக்கை. மஸ்ஜித் இந்தியாவோ, பிரிக்பீல்ட்ஸோ, சிங்கப்பூர் சிராங்கூன் சாலையோ, எங்கே வாங்கினாலும் விளக்கொளியை நம்பி முடிவு செய்யாதீர்கள். சில விளக்குகள் அரக்கைப் பழுப்பாக்கும், சில சிவப்பாக்கும். சேலையையும் ரவிக்கைத் துணியையும் சேர்த்துக் கடை வாசலில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டாவது, அடர்ந்த சிவப்புத் துணி சாயம் விடக்கூடியது. ஈரமான வெள்ளைத் துணியால் உள்மடிப்பை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால், முதல் சில சலவைகளைத் தனியாகச் செய்யுங்கள். அரக்கும் வெள்ளையும் சேர்த்துத் தைக்கும் முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

தீபாவளிப் படம் சுவரில் பல ஆண்டுகள் தொங்கும். அதைப் பார்க்கும் பேரப்பிள்ளைகள் சேலையின் விலையைக் கேட்கப் போவதில்லை. படத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்றுதான் கேட்பார்கள். அந்தப் படத்தில் பாட்டியும் அந்தப் பெண்ணும் நடுவில் நிற்கட்டும்.