90 விநாடி வாழும் நொதி



இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலரும் முதுகலை வகுப்பில் செய்திருக்கும் சோதனை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். எதிர்ப்பொருள் ஏறிய செம்மறியாட்டுச் சிவப்பணுக்களில் புதுச் சீரம் சேர்த்து, 37 டிகிரி நீர்த்தொட்டியில் வைப்போம். சற்று நேரத்தில் கலங்கல் தெளியும். குழாய்க்குப் பின்னால் பிடித்த செய்தித்தாளின் எழுத்துகள் சிவப்பினூடே தெரியும். அதே சீரத்தை முன்பே 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடேற்றியிருந்தால், கலங்கல் அப்படியே நிற்கும். சூட்டில் அழியும் இந்தப் பொருளைத்தான் பாஸ்டர் ஆய்வகத்தில் ஜூல் போர்டே 1890-களில் ஆராய்ந்தார். எதிர்ப்பொருளின் வேலையை நிறைவுசெய்வதால் பால் எர்லிக் அதற்குக் காம்ப்ளிமென்ட் என்று பெயரிட்டார்.

எதிர்ப்பொருள் இல்லாமலும் அது விழித்துக்கொள்ளும் என்று 1954-இல் லூயிஸ் பில்லமர் எழுதியபோது பலர் ஏற்கவில்லை. 1957-இல் அவர் மறைந்தார். அவர் கண்ட புரொப்பர்டின் என்ற புரதம் இன்று பாடநூலில் இருக்கிறது. அவர் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

எதிர்ப்பொருள் தொடங்கும் வழியில் சி1ஆர் என்ற நொதி தன்னையே வெட்டிக்கொண்டு, பிறகு சி1எஸ்ஸை வெட்டும். அது சி4-ஐயும் சி2-வையும் வெட்டும். லெக்டின் வழியில் அந்த வேலை மாஸ்ப் நொதிகளுடையது. இவை நீங்கள் அறிந்தவை.

என் மனம் நிற்பது பில்லமர் சொன்ன வழியில் வேலைசெய்யும் ஃபேக்டர் டி-யிடம். கொழுப்புத் திசு சுரக்கும் சின்ன நொதி. சி3 ஒரு மில்லிலிட்டர் ரத்தநீரில் ஒரு மில்லிகிராமுக்கு மேல் இருக்க, இது ஓரிரு மைக்ரோகிராம்தான். மற்றவற்றுள் பெரும்பாலானவை உறங்கும் முன்னொதிகளாகச் சுற்ற, இதுவோ மாஸ்ப்-3 வெட்டிவிட்ட நிலையிலேயே சுற்றுகிறது. ஆனாலும் கண்டதையெல்லாம் வெட்டுவதில்லை. சி3பி-யோடு சேர்ந்த ஃபேக்டர் பி எதிர்ப்பட்டால்தான் அதன் வெட்டுமுனை சரியான வடிவுக்கு வரும். அந்த வெட்டில் பிறக்கும் சி3 கன்வர்டேஸ் என்ற நொதியின் அரை ஆயுள் சுமார் 90 விநாடி. புரொப்பர்டின் அதைச் சில மடங்கு நீட்டும். ஃபேக்டர் எச் சீக்கிரமே கலைக்கும். நல்ல பாம்பின் நஞ்சிலுள்ள ஒரு புரதம் அமைக்கும் கன்வர்டேஸோ மணிக்கணக்கில் நிலைத்து, ரத்தத்திலுள்ள சி3 முழுவதையும் தின்று தீர்த்துவிடும். நம்மைக் காப்பது நம் கன்வர்டேஸின் வேகம் மட்டுமல்ல, அதன் குறுகிய ஆயுளும்தான் என்பதற்கு இதைவிட நேரடியான சான்றை நான் அறியேன்.

பிஎன்எச் என்ற ரத்த நோய் உள்ளவரின் சிவப்பணுவில் கன்வர்டேஸை அடக்கும் கடிவாளம் இல்லை. காலையில் சிறுநீர் கறுத்து வரும். 2007-இல் வந்த எகுலிசுமாப் சி5-ஐத் தடுத்துப் பலரைக் காப்பாற்றியது. ஆனால் சி3 துண்டுகள் அணுக்களில் படிந்துகொண்டே இருந்தன. கல்லீரலும் மண்ணீரலும் அவற்றை விழுங்கின. ஆகவே மருந்து வெட்டுச் சங்கிலியில் மேல்நோக்கி நகர்ந்தது: 2023-இல் ஃபேக்டர் பி-க்கு இப்டகோபான், 2024-இல் ஃபேக்டர் டி-க்கு டானிகோபான்.

கட்டுரை வாசிக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் நொதி எவ்வளவு வேகமாக வெட்டுகிறது என்ற வரைபடத்தோடு, அது எத்தனை விநாடியில் கலைகிறது என்ற வரைபடத்தையும் திரையில் காட்டுங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.