அரம் பிடித்த கை



"வசதி இல்லை, கருவி இல்லை, பிறகு எப்படிப் புதிதாக ஒன்றைச் செய்வது?" என்று கேட்கும் இளைஞர்களைத் திண்டுக்கல் பூட்டுப் பட்டறைக்கு அழைத்துப் போக ஆசைப்படுகிறேன்.

மழை பொய்த்தால் வயல் பொய்க்கும் பூமி இது. பல குடும்பங்கள் இரும்பை நம்பின. பெரிய எந்திரம் வாங்க முதல் இல்லை. தகடும் சுத்தியலும் அரமும்தான் இருந்தன. ஒரு மாங்காய்ப் பூட்டைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே லீவர்கள் எனும் சிறு தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். சாவியின் ஒவ்வொரு வெட்டும் தன் லீவரைச் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் பூட்டு அசையாது. கையால் அராவும்போது ஒன்றைப் போல இன்னொன்று அமையாது. மற்ற தொழில்களில் இதைக் குறை என்று ஒதுக்குவார்கள். பூட்டுக்கு அதுவே காவல். ஒன்றின் சாவி மற்றொன்றைத் திறக்காது என்று திண்டுக்கல் பூட்டுக்கு வந்த பெயர், எந்திரம் இல்லாத கைகள் சம்பாதித்த பெயர்.

கல்லிலும் இதே கதைதான். நம் தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத்தில் சிவனின் ஊர்த்துவ தாண்டவச் சிற்பத்தைப் பார்த்திருப்பீர்கள். தூணின் அகலத்தைச் சிற்பி கூட்ட முடியாது. உடைந்தால் ஒட்டவும் முடியாது. அந்தக் கல்லுக்குள்தான் கால் வானுக்கு எழுகிறது.

வறுமையை நான் போற்றவில்லை. இல்லாமையில் கருகிப்போன திறமைகள் ஏராளம். பட்டறையைக் காப்பாற்றியது, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த வேலை நுணுக்கம். அது இல்லாத இடத்தில் தட்டுப்பாடு வெறும் தட்டுப்பாடுதான்.

2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அலிகாரிலிருந்து வரும் எந்திரப் பூட்டு விலையில் முந்துகிறது. கூலி கட்டுப்படியாகாமல் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். கைவேலையின் தனித்தன்மை கெடாமல் நேரத்தை எப்படி மிச்சப்படுத்துவது? செய்தவருக்குக் கூடுதல் கூலி சேர எப்படி விற்பது? வணிகவியலும் கணினியும் படித்துப் பட்டம் பெறும் உங்களிடம் இதைக் கேட்கிறேன். திண்டுக்கல் பக்கத்தில்தான் இருக்கிறது. அடுத்த வாரமே ஒரு பட்டறைக்குப் போய், பூட்டு செய்பவர் அருகில் உட்கார்ந்து, வேலையை முதலிலிருந்து கடைசிவரை பாருங்கள்.