நர்சம்மாவுக்கு ஆள் கொடுங்கள்

வருசநாட்டுப் பெரியோர்களே, தாய்மார்களே, மலையிலிருந்து ஜீப் பிடித்தும் கடமலைக்குண்டு, மயிலாடும்பாறைப் பக்கமிருந்து பஸ் ஏறியும் வந்திருக்கிற நர்சம்மாக்களே, ஆஷா சகோதரிகளே, அங்கன்வாடி டீச்சர்களே, உதவியாளர்களே, மக்களைத் தேடி மருத்துவத்தின் மாத்திரைப் பையைத் தோளில் சுமக்கிறவர்களே!

நன்றி சொல்வதற்காக நான் இந்த மேடையில் ஏறவில்லை. நன்றி உங்களுக்கு வேண்டிய மட்டும் சொல்லியாகிவிட்டது. கொரோனா காலத்தில் நாடே கைதட்டியது. 2022 மே மாதம் ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநர் இந்தியாவின் ஆஷா பணியாளர்களுக்கு விருது கொடுத்தார். 2024ல் மக்களைத் தேடி மருத்துவத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது வந்தது. உழைப்புக்கு வந்த விருதுகள்தான், நானும் பெருமைப்படுகிறேன். ஆனால் விருது வந்த மறுநாள் உங்களில் ஒருத்திக்காவது பார்க்க வேண்டிய ஊர்களில் ஒன்று குறைந்ததா? எழுத வேண்டிய ரிஜிஸ்டரில் ஒன்று குறைந்ததா? வாரத்தில் ஒரு நாள் போனை அணைத்து வைத்துவிட்டுத் தூங்க முடிந்ததா? அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

களப்பணியாளர் களைத்துப் போகிறார் என்பது மேலே இருப்பவர்களுக்கும் இப்போது தெரிந்துவிட்டது. அதற்கு அவர்கள் கண்ட மருந்து என்ன? மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று ஒரு வகுப்பு. மூச்சை இழுத்து விடுங்கள், நல்லதை நினையுங்கள், நேரத்தைத் திட்டமிடுங்கள். யோகாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. செய்கிறவர்கள் செய்யட்டும். என் கோபமெல்லாம், மூன்று பேர் வேலையை ஒருத்தி தலையில் வைத்துவிட்டு, உன் மனசைச் சரிசெய்துகொள் என்று அவளுக்கே புத்தி சொல்கிறார்களே, அந்த ஏற்பாட்டின் மேல்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2019லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வேலையால் வருகிற இந்தச் சோர்வு ஒரு நோய் அல்ல, வேலையிடத்தில் நாள்பட்டுத் தங்கிவிட்ட, சரியாகக் கையாளப்படாத அழுத்தத்தின் விளைவு என்றது. 2022 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்த அதன் சர்வதேச நோய் வகைப்பாட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அதற்கு மூன்று அடையாளம் சொல்கிறது. உடம்பிலும் மனசிலும் தெம்பு வற்றிப்போவது. செய்கிற வேலையே வெறுத்து, மனசு மரத்துப்போவது. என்ன செய்தும் நான் ஒன்றும் சாதிக்கவில்லை என்ற எண்ணம் வந்துவிடுவது.

அந்த இரண்டாவது அடையாளத்தை ஊர்க்காரர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். மனசு மரத்துப்போனால் நஷ்டம் நர்சம்மாவுக்கு மட்டும் இல்லை. ஏழாம் மாதக் கர்ப்பிணி வந்து உட்கார்ந்ததும், முகம் வீங்கியிருக்கிறதே, கால் வீங்கியிருக்கிறதே, பிரஷர் பார்ப்போம் என்று கை தானாகப் போக வேண்டும். அந்தக் கண்ணும் கையும்தான் உயிரைக் காப்பாற்றுகின்றன. தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது என்று ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறதே, அதில் ஒவ்வொரு பிரசவத்துக்கும் பின்னால் யாரோ ஒருத்தி வீட்டு வாசலில் நின்று, மாமியாரிடம் மன்றாடி, வண்டிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவள் களைத்து விழுந்தால் அந்தக் கணக்கும் விழும்.

இந்த மண்ணைப் பாருங்கள். மூல வைகை பிறக்கிற மலை இது. கீழே தென்னையும் இலவமும் முந்திரியும், மேலே அரசரடி, இந்திராநகர், பொம்முராஜபுரம், வெள்ளிமலை. காட்டுக்குள் போகிற பாதை. மழை பெய்தால் ஜீப்பும் திணறும். யானை நடமாட்டம் இருந்தால் நின்று பார்த்துத்தான் போக வேண்டும். 2021ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் வந்த பிறகு ரோட்டைப் பற்றிய பேச்சு இன்னும் சிக்கலாகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி என்றால் தேனி அரசு மருத்துவக் கல்லூரி, அது க.விலக்கில். வருசநாட்டிலிருந்தே முப்பது கிலோமீட்டருக்கு மேல்.

அரசாங்கக் கணக்கில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 5,000 பேர், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேர். தலைகளை எண்ணுகிற கணக்கு இது. ஏற்றத்தை எண்ணவில்லை, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருக்கிற ஓடையை எண்ணவில்லை. பளியர் குடியிருப்பில் பத்து வீட்டைப் பார்த்து வருவதும் டவுனில் ஒரு தெருவில் பத்து வீட்டைப் பார்ப்பதும் ஒரே வேலை என்று காகிதத்தில் எழுதிவிடலாம். கால் ஒத்துக்கொள்ளுமா? இதற்கு மேல் பக்கத்து நிலையம் காலியாக இருந்தால் அதற்கும் நீயே இன்சார்ஜ். ஒரு மாதம் என்று சொல்லிக் கொடுத்த கூடுதல் பொறுப்பு வருடக்கணக்கில் போகிறது. தமிழ்நாட்டின் 8,713 துணை சுகாதார நிலையங்களிலும் காலியிடத்தை நிரப்புகிற வரை, சோர்வைப் பற்றி யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

அடுத்தது எழுத்து வேலை. 2008ல் பிக்மி வந்தது. ஒவ்வொரு கர்ப்பிணியையும் பதிவு செய்து, குழந்தை வரைக்கும் தொடர்ந்து பார்க்கிற நல்ல ஏற்பாடு. கம்ப்யூட்டர் வந்தால் நோட்டு போகும் என்றார்கள். நோட்டும் போகவில்லை, கம்ப்யூட்டரும் போகவில்லை. பகலில் நோட்டில் எழுதியதை ராத்திரி போனில் ஏற்ற வேண்டும். டவர் கிடைக்காத ஊரில் வேலை செய்கிற பெண்ணிடம், ஏன் இன்றைக்கு என்ட்ரி போடவில்லை என்று கேட்கிறார்கள். அங்கன்வாடியில் 2025லிருந்து சத்துணவுப் பொட்டலம் வாங்க வருகிறவரின் முகத்தைப் போனில் பதிவு செய்ய வேண்டும். முகம் பொருந்தவில்லை, நெட் சுற்றுகிறது, கையில் பிள்ளை அழுகிறது, தாய் கத்துகிறாள். அந்தச் செயலியை எழுதியவர் அங்கே நிற்கவில்லை, டீச்சர்தான் நிற்கிறாள்.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டப் பணத்துக்கும் இதே கதைதான். 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி, ஏழைத் தாய்க்குப் பெரிய தொகை. ஆதார் ஒத்துப்போகவில்லை, வங்கிக் கணக்கு இணையவில்லை என்று பணம் நின்றால், அந்தக் குடும்பம் யாரைக் கேட்கும்? சென்னையில் இருக்கிற கணினியையா? நர்சம்மா வீட்டுக் கதவைத்தான் தட்டும். தீர்க்கிற அதிகாரம் கையில் இல்லாதவள் ஏச்சு முழுவதையும் வாங்கிக்கொள்கிறாள்.

இன்னொன்றைப் பேசியே ஆக வேண்டும். இதை வெளியில் யாரும் பேசுவதில்லை. பதினேழு வயசுப் பிள்ளை கர்ப்பமாக வந்து நிற்கிறாள். கல்யாணம் முடித்துவிட்டோம் என்கிறது வீடு. 2012ல் வந்த போக்சோ சட்டப்படி இது தெரிந்தும் போலீசுக்குத் தகவல் சொல்லாமல் இருப்பது குற்றம், ஆறு மாதம் வரை சிறை உண்டு. சொன்னால் என்ன ஆகும்? அந்தப் பிள்ளையின் புருஷன் உள்ளே போவான், சொந்தமெல்லாம் திரண்டு நர்சம்மாவைச் சூழ்ந்துகொள்ளும். அடுத்த பிள்ளை மாசமானால் ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் ஒளித்து வைப்பார்கள், பரிசோதனை இல்லாமல் ஒரு குழந்தைத் தாய் செத்தும் போவாள். சொல்லாவிட்டால் சட்டம் இவளைப் பிடிக்கும். சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளின் கல்யாணத்தைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் சட்டத்தின் முழுப் பாரத்தையும், அதே ஊரில் தனியாகக் குடியிருந்து அதே கடையில் பால் வாங்க வேண்டிய ஒரு பெண்ணின் தலையில் இறக்கிவைப்பது என்ன நியாயம்?

ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்ற பெண் அரசாங்கத் திட்டத்தில் கிராமப் பணியாளராக இருந்தார். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார், அதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. அதற்காக 1992ல் அவரைக் கூட்டாக வன்கொடுமை செய்தார்கள். அந்தக் கொடுமையிலிருந்துதான் 1997ல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா வழிகாட்டுதல்கள் பிறந்தன. இன்றைக்கு ஆபீஸ்களில் வேலை பார்க்கிற பெண்களுக்குக் கிடைத்திருக்கிற பாதுகாப்பு, ஒரு கிராமக் களப்பணியாளர் பட்ட பாட்டிலிருந்து வந்தது. ராத்திரி துணை சுகாதார நிலையத்தில் தனியாக இருக்கிற பெண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு வந்து சேர்ந்ததா? கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.

ஒரு தாய் பிரசவத்தில் இறந்தால் விசாரிக்கிறார்கள். விசாரிக்க வேண்டும், அப்படி விசாரித்துத்தான் தமிழ்நாடு தாய் இறப்பைக் குறைத்தது. ஆனால் வண்டி ஏன் தாமதம், ரத்தம் ஏன் இல்லை, ரோடு ஏன் இல்லை என்ற கேள்விகள் மேலே போகப்போக மெலிந்து, நீ ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்ற கேள்வி மட்டும் கீழே வந்து தடித்து நிற்கிறது. மெமோ யாருக்கு வருகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

இப்போது கூலி. ஆஷா பணியாளருக்கு மத்திய அரசு கொடுக்கிற மாதாந்திர நிலையான தொகை 2018லிருந்து 2,000 ரூபாய். 2025ல் 3,500 ஆக்கினார்கள். நாளுக்குப் பார்த்தால் 117 ரூபாய்கூட வராது. மற்றதெல்லாம் வேலைக்கு வேலை எண்ணிக் கொடுக்கிற ஊக்கத்தொகை. அதே 2025ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த தினக்கூலி 336. மண் வெட்டுகிற கைக்கு அதுவே போதாது என்கிறோம். உயிரைப் பார்த்துக்கொள்கிற கைக்கு அதில் பாதிகூட உறுதியில்லை. மலைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வருகிற கம்பம் பள்ளத்தாக்குப் பெண்களுக்குத் தெரியும். 2025 பிப்ரவரி 10ஆம் தேதி கேரள ஆஷா பணியாளர்கள் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். 21,000 ரூபாய் மதிப்பூதியம் கேட்டார்கள். மழை, வெயில், தலைமுடியை வெட்டிக்கொண்டு நடத்திய போராட்டம், எத்தனையோ மாதம். கடைசியில் ஏறியது ஆயிரம் ரூபாய். ஆரோக்கியத்தில் நாட்டுக்கே முன்மாதிரி என்று பெயரெடுத்த மாநிலத்தில் இந்த நிலை.

இது சேவை, கூலி பேசலாமா என்பவர்களுக்கு ஒரு கேள்வி. சேவை என்று பேசுகிற உங்களுக்கு ஒன்றாம் தேதி சம்பளம் வருகிறதா இல்லையா? டாக்டர் செய்வதும் சேவைதான், கலெக்டர் செய்வதும் சேவைதான். மலையேறுகிற பெண்ணின் வேலைக்கு மட்டும் எப்படிப் புண்ணியமே சம்பளமாகும்? 2013ல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, ஆஷா, அங்கன்வாடி போன்ற திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. குஜராத் அங்கன்வாடிப் பணியாளர்கள் வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. களப்பணியாளருக்கு முறையான சம்பளம் கொடுக்கிற நாடு எங்கே இருக்கிறது என்று கேட்டால் பிரேசிலைப் பாருங்கள். வீடு வீடாகப் போகிற சுகாதாரப் பணியாளருக்குக் குறைந்தபட்சக் கூலியைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாமல் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று 2022ல் அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். அவர்களும் நம்மைப் போலக் கடன் வாங்கி நடக்கிற நாடுதான்.

கேட்பதைச் சுருக்கமாகக் கேட்கிறேன். காலியிடத்தை நிரப்புங்கள். மலைக்கு என்று தனிக் கணக்குப் போட்டு, தலையோடு தூரத்தையும் சேர்த்து எண்ணுங்கள். நோட்டு அல்லது போன், இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள். டவர் இல்லாத ஊரின் பதிவுக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். போக்சோ தகவல் சொல்லும்போது குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் நேரில் வரட்டும், நர்சம்மாவைத் தனியாக விடாதீர்கள். ஜீப் செலவைக் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு, அன்றைக்கு வேறு ஒருவர் போன் எடுக்கட்டும்.

ஊர்க்காரர்களே, இதில் பாதி உங்கள் கையில் இருக்கிறது. வருடத்தில் ஆறு கிராமசபை நடக்கிறது. அதில் ஒன்று மே 1, உழைப்பாளர் தினம். தண்ணீருக்கும் ரோட்டுக்கும் தீர்மானம் போடுகிறோம். வருகிற கிராமசபையில் கையைத் தூக்கி, எங்கள் துணை சுகாதார நிலையத்தின் காலியிடத்தை நிரப்பு, அங்கே தனியாக இருக்கிற பெண்ணுக்குத் துணை ஆளும் பூட்டும் விளக்கும் கொடு என்று ஒரு தீர்மானம் எழுத வையுங்கள். எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். நகலை வாங்கிக் கலெக்டர் ஆபீசில் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். அந்தக் கிராமசபைக்கு நர்சம்மாவைப் பதில் சொல்லக் கூப்பிடாதீர்கள். அவர் பக்கத்தில் உட்கார நீங்கள் வாருங்கள்.