உறக்கம் தரும் வேரும் ஊர்தோறும் மாறும் பெயரும்



கோயம்புத்தூரிலிருந்து மேற்கே வாளையாற்றைக் கடந்தால் பாலக்காட்டுக் கணவாய். அதனைச் சார்ந்து சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதலிய ஊர்கள். வடக்கே அட்டப்பாடி மலை. இன்னும் தெற்கே, தேனிக்கு மேற்கில், தேவிகுளமும் உடும்பஞ்சோலையும் பீர்மேடும். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது இவை கேரளத்தில் அமைந்தன. ஆயினும் மருந்துக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது. அங்கே ஒரே தமிழ்க் குடும்பம் சித்த வைத்தியரின் சூரணத்தை உண்ணும். ஆயுர்வேத வைத்தியரின் தைலத்தைத் தேய்த்துக்கொள்ளும். அட்டப்பாடியாயின் இருளரும் முடுகரும் குறும்பரும் அறிந்த பச்சிலையையும் நாடும்.

இப்பகுதிகளிலிருந்து டில்லிக்கோ மும்பைக்கோ வந்து குடியேறிய நம்மவர் வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் கண்டால், சில நாளில் ஊரிலிருந்து ஒரு பொட்டலம் வந்து சேரும். அமுக்கராப் பொடி, சாதிக்காய், ஒரு புட்டி க்ஷீரபலா தைலம். “இரவெல்லாம் கண்மூடுவதில்லை என்று எழுதியிருந்தீர்களே, இதைக் கொடுத்துப் பாருங்கள்” என்று ஒரு சீட்டும் உடனிருக்கும். அன்பினால் வந்த பொட்டலம். அதை நோயாளிக்குக் கொடுப்பதா, அலமாரியில் வைப்பதா என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட வினா.

அதற்கு முன், அவர் ஏன் உறங்கவில்லை என்று கேட்டல் வேண்டும். வலி இருக்கலாம், குமட்டல் இருக்கலாம், பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணிய அச்சம் இருக்கலாம். மருந்தே உறக்கத்தைக் கெடுப்பதும் உண்டு. வாந்தியைத் தடுக்கக் கீமோதெரபியோடு தரப்படும் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு அத்தகையது. மாலையில் விழுங்கினால் நள்ளிரவிலும் விழிப்பு நீடிக்கும். அதைக் காலையிலேயே கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்பது, எந்த வேரையும்விட விரைவில் பயன் தரக்கூடும். மார்பகப் புற்றுநோய்க்கு ஹார்மோன் சிகிச்சை பெறும் பெண்களைத் திடீரென எழும் உடற்சூடும் வியர்வையும் எழுப்பிவிடும். வலியால் விழித்திருப்பவருக்கோ முதலில் வலிக்கே மருந்து வேண்டும்.

இனிப் பொட்டலத்துக்கு வருவோம். அமுக்கராவுக்கு வடமொழியில் அசுவகந்தா என்றும் மலையாளத்தில் அமுக்குரம் என்றும் பெயர். தாவர நூலார் விதானியா சோம்னிஃபெரா என்பர். சோம்னிஃபெரா என்ற லத்தீன் சொல்லுக்கு உறக்கத்தைக் கொணர்வது என்று பொருள். 1753-இல் லின்னேயஸ் சூட்டிய அடைமொழி அது. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இத்தகைய பெயர்கள் மகிழ்ச்சி தருவனவே. ஆனால் பெயர் சான்றாகாது. மேலும், ஊர் மண்ணில் விளைந்த வேர் என்று நாம் கண்ணில் ஒற்றிக்கொள்வது பெரும்பாலும் அந்த மண்ணில் விளைந்ததன்று. அமுக்கரா வறண்ட நிலத்துச் செடி. மிகுதியாகப் பயிராவது மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் பக்கங்களில். அங்கிருந்து தெற்கே சென்று, தபாலில் மறுபடியும் வடக்கே வருகிறது!

சாதிக்காய் இடுக்கியில் விளைவதுதான். பாலில் சிறிதளவு இழைத்துக் குடிப்பது பழைய வழக்கம். அளவு மீறினால் நெஞ்சுப் படபடப்பும் மனக்குழப்பமும் உண்டாகும். க்ஷீரபலா தைலம் குறுந்தோட்டி வேரும் பாலும் நல்லெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சுவது. உள்ளே செல்லாது தலையில் இதமாகத் தேய்க்கும் தைலத்தில் அச்சம் குறைவு. தலைக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுபவராயின், அல்லது தோலில் புண் இருப்பின், அதையும் கேளாமல் தேய்த்தல் கூடாது.

பொட்டலத்தில் இல்லாததை இங்கேயே வாங்கிக்கொள்வோம் என்று சிலர் நினைப்பர். அங்கேதான் பெயர்க் குழப்பம். கேரளத்தில் பிரம்மி என்று கேட்டால் நீர்ப்பிரமி கிடைக்கும். வட இந்தியக் கடையில் அதே பெயரில் வல்லாரையைத் தருவதும் உண்டு. சங்குபுஷ்பி கேரளத்தில் நம் வேலியில் நீலமாகப் பூக்கும் சங்குப்பூக்கொடி. வடக்கே அப்பெயர் தரையில் படரும் வேறொரு சிறு செடிக்குரியது. அகராதியில் இரண்டும் ஒரு சொல்லே. நோயாளியின் வயிற்றிலோ அவை இரண்டு பொருள்கள்.

ஆராய்ச்சிகள் கூறுவது யாது? வலேரியன் என்பது உறக்கத்துக்கென ஐரோப்பியர் நெடுங்காலமாக நம்பிய வேர். அமெரிக்காவில் சிகிச்சையிலிருந்த 227 புற்றுநோயாளிகளைக் கொண்டு அதைச் சோதித்து 2011-இல் முடிவை வெளியிட்டனர். நாள்தோறும் இரவில் 450 மில்லிகிராம் வீதம் எட்டு வாரம் உண்டவரின் உறக்கம், வெறும் போலி மாத்திரை உண்டவரின் உறக்கத்தைவிடச் சிறக்கவில்லை. அமுக்கராவை மலேசியாவில் மார்பகப் புற்றுநோய் கண்ட 100 பெண்களிடம் ஆராய்ந்தனர். முடிவு 2013-இல் வெளிவந்தது. கீமோதெரபியோடு அதையும் உண்டவருக்குக் களைப்புக் குறைந்ததாகக் கண்டனர். ஆயின் யாருக்கு மருந்து என்பது மறைக்கப்படவில்லை. சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவுமில்லை. அதனால் அதை நல்ல குறிப்பென்று கொள்ளலாமேயன்றித் தீர்ப்பென்று கொள்ளுதற்கில்லை.

கெடுதல் நேருமா என்றால், நேரும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மேனாட்டு மூலிகையை மனச்சோர்வுக்கென இங்கும் விற்கின்றனர். அதனை இரினோடெகான் என்ற புற்றுநோய் மருந்தோடு உண்டபோது, இரத்தத்தில் அம்மருந்தின் செயல்படு பொருள் 42 சதவீதம் குறைந்ததென நெதர்லாந்து ஆய்வாளர் 2002-இல் காட்டினர். உறங்க உண்ட இலை மருந்தைப் பாதியளவு வீணாக்கும்! அமுக்கராவால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்ச்சிகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. டென்மார்க் 2023-இல் அதைத் தடை செய்தது. கீமோதெரபி மருந்துகள் பலவற்றையும் கையாளும் உறுப்பு கல்லீரலே. கண் மஞ்சளானால், இது மருந்தினாலா பொடியினாலா என்று டாக்டர் திகைப்பார். பொடி கொடுத்ததை மறைத்திருந்தால் அவர் திகைக்கவும் வழியில்லை, மருந்தையே நிறுத்திவிடுவார். நம்மவர் பலர் மறைக்கவே செய்கின்றனர். டாக்டர் கடிந்துகொள்வாரே என்ற கூச்சம்தான்.

ஆகவே பொட்டலத்தை அப்படியே, சீட்டோடும் லேபிளோடும், டாக்டரிடம் எடுத்துச் செல்லுங்கள். லேபிள் மலையாளத்தில் இருப்பின் தாவர நூற்பெயரைக் கேட்டெழுதிக் கொண்டு போங்கள். அப்பெயர் எந்த மாநிலத்திலும் மாறாது. புற்றுநோயையே தீர்க்கும் என்று அதில் அச்சிட்டிருந்தால் ஐயுறுங்கள். அவ்வாறு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. மூலிகையில்லாத வழியும் உண்டு: நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதல், உறக்கம் வந்தபின்னரே படுக்கைக்குச் செல்லுதல், வராதபோது எழுந்து அமர்தல். பயிற்சி பெற்றவர் துணையோடு சில வாரம் இதைப் பழகினால் புற்றுநோயாளிகளுக்கும் பயன் விளைவதாகச் சோதனைகள் காட்டியுள்ளன. வேரைப் போல் இதைப் பொட்டலத்தில் கட்டியனுப்ப இயலாது என்பதே குறை.

நோயாளி ஊரிலேயே இருப்பின் மற்றொன்று சொல்ல வேண்டும். 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்புப் பணி கேரளமெங்கும் பரவி, 2008-இல் அரசின் கொள்கையாயிற்று. பஞ்சாயத்துகளின் சார்பில் செவிலியர் வீடு தேடி வருகின்றனர்; வலி மிகுந்தவருக்கு டாக்டரின் ஆணைப்படி மார்பின் கிடைக்க வழியுண்டு. சித்தூர்ப் பக்கத்து வீட்டிலோ மூணாற்றுத் தோட்ட லயத்திலோ விழித்துக்கிடக்கும் அண்ணனுக்கோ அத்தைக்கோ இங்கிருந்து நாம் எழுதும்போது, அச்செவிலியர் வருகிறாரா என்று முதல் வரியில் கேட்டெழுதுங்கள்.