சிஸ்டர் அப்படி என்னதான் செய்றாங்க? அக்கறையின் ஐந்து பகுதிகள்

இந்த எபிசோட்ல கோட், ஏஐ, லேஆஃப் எதுவும் கிடையாது. நர்ஸிங் பற்றிப் பேசப்போறோம்.

முதல்ல ஒரு கேள்வி. நல்ல சர்ஜன் யாருன்னு கேட்டா என்ன சொல்வோம்? "கைராசிக்காரர், இருபது வருஷ அனுபவம், இந்த ஆபரேஷன்ல எக்ஸ்பர்ட்." நல்ல நர்ஸ் யாருன்னு கேட்டா? "சிரிச்ச முகம், பொறுமைசாலி, தங்கமான மனசு." அவருக்குத் திறமை, இவங்களுக்குக் குணம்!

இதுல என்ன பிரச்சினைன்னு கேட்கலாம். ஒரு வேலையைக் குணம்னு சொல்லிட்டா, அதைக் கற்றுக்கொடுக்க வேண்டாம். அதற்கு நேரம் ஒதுக்க வேண்டாம். தனியா சம்பளமும் வேண்டாம். "சேவை"ன்னு ஒரு வார்த்தை சொல்லி, மே மாதம் நர்ஸ் தினத்துக்கு ஒரு ரோஜாப்பூ கொடுத்தால் போதும்.

அக்கறைன்னா சரியா என்ன? இதைத் தொழில்ரீதியாக் கேட்டவர்களில் முக்கியமானவர் ஜீன் வாட்சன், அமெரிக்க நர்ஸிங் பேராசிரியர். 1979-ல் வந்த அவருடைய புத்தகம் இந்தத் துறையில் ஒரு திருப்பம். மருத்துவத்தின் மையம் குணப்படுத்துவது என்றால், நர்ஸிங்கின் மையம் அக்கறை என்பது அவர் வாதம். நோயைக் குணப்படுத்த முடியாத இடத்திலும் அக்கறைக்கு வேலை இருக்கு. அந்த அக்கறைக்குப் பத்து கூறுகளைப் பட்டியல் போட்டார். ஆனா படிக்கும்போது கொஞ்சம் தத்துவ வகுப்பு மாதிரி இருக்கும். நைட் ஷிஃப்ட்ல ரெண்டு மணிக்கு, மூணு பெட்ல இருந்து ஒரே நேரத்துல கூப்பிடும்போது இதை வச்சு என்ன பண்றதுன்னு எனக்குத் தோணுச்சு.

அந்த இடத்துலதான் வாட்சனுடைய ஆய்வு மாணவி கிறிஸ்டன் ஸ்வான்சன் வர்றார். அவர் நேரா போய் ஆட்களிடம் கேட்டார். முதலில் கருச்சிதைவுக்கு ஆளான பெண்கள். உங்களுக்கு எது அக்கறையாத் தெரிஞ்சதுன்னு கேட்டார். அடுத்து, குறைமாதக் குழந்தைகள் இருக்கும் என்ஐசியூவில் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள். மூன்றாவது, கஷ்டமான சூழ்நிலையில் பிள்ளை பெற்று, நர்ஸ்களின் நீண்டகால உதவி கிடைத்த இளம் தாய்மார்கள். மூன்று ஆய்வுகளையும் சேர்த்து 1991-ல் ஒரு கோட்பாடு வெளியிட்டார். அதில் அக்கறைக்கு ஐந்து பகுதிகள். நம்ம பாஷையில சொன்னா, "யூசர் இன்டர்வியூ" எடுத்து எழுதின ஸ்பெக்.

ஒண்ணு, அறிதல். இந்த நோயாளிக்கு இந்த நிலைமை எப்படிப்பட்டது என்று, முன்முடிவு இல்லாமல் புரிஞ்சுக்கிறது. ஒரு உதாரணம். எங்க தாத்தா வார்டுல இருந்தப்போ ரெண்டு நாள் சாப்பிடவே இல்ல. "வயசாச்சு, மனசு விட்டுட்டார்"னு நாங்க எல்லாரும் பேசிக்கிட்டோம். டியூட்டி மாறி வந்த ஒரு சிஸ்டர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாங்க. கஞ்சி காலி, இட்லி அப்படியே இருக்கு. "தாத்தா, உங்க பல்செட் எங்க?"ன்னு கேட்டாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி கழட்டினது, பையில ஒரு டப்பாவுக்குள்ள இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி தாத்தா நாலு இட்லி சாப்பிட்டார். அந்த சிஸ்டர் அவர்கிட்ட தனி அன்பெல்லாம் காட்டல. தட்டைப் பார்த்தாங்க, கேட்டாங்க. அதுதான் அறிதல்.

ரெண்டு, உடனிருத்தல். கையில் ஃபைல், கண் மானிட்டரில், வாய் மட்டும் "எப்படி இருக்கீங்க"ன்னு கேட்டா அது உடனிருத்தல் ஆகாது. இரண்டு நிமிடம்தான் என்றாலும் முழுசா அங்க இருக்கணும். கூடவே ஒரு நுணுக்கமும் உண்டு. தன் பாரத்தை நோயாளி மேல இறக்கி வைக்கக் கூடாது.

மூணு, செய்து கொடுத்தல். முடிஞ்சிருந்தா அவங்களே செய்துகொண்டிருக்கக்கூடியதை அவங்களுக்காகச் செய்வது. உடம்பு துடைக்கிறது, திருப்பிப் படுக்க வைக்கிறது, பெட்பேன் வைக்கிறது, அதற்கு முன்னாடி திரையை இழுத்து விடுறது. இங்கே ஸ்வான்சன் ஒன்றைத் தெளிவாகச் சேர்க்கிறார்: வேலையைத் திறமையாகச் செய்வதும் அக்கறையின் பகுதி. ஊசியை ஒரே குத்தில் சரியாப் போடுறதும் அக்கறைதான். இனிக்க இனிக்கப் பேசிட்டு நாலு இடத்துல குத்தினா எப்படி?

நாலு, இயலச் செய்தல். விளக்கிச் சொல்லி, பழக்கி, அவங்களே செய்ய முடியும்ங்கிற நிலைக்குக் கொண்டுவர்றது. இன்சுலின் எப்படிப் போடணும், புண்ணை எப்படிச் சுத்தம் பண்ணணும், எந்த அறிகுறி தெரிஞ்சா உடனே வரணும் என்பதெல்லாம் இதுல வரும்.

அஞ்சு, நம்பிக்கையைத் தக்கவைத்தல். "ஒண்ணும் ஆகாது"ன்னு பொய் சொல்றது இதுல சேராது. நிலைமையை மறைக்காமல், இதையும் இவரால கடந்து வர முடியும்னு நம்பிக் கூட நிக்கிறது. மற்ற நாலுக்கும் அடித்தளம் இதுதான்.

சரி, கேட்க நல்லா இருக்கு, வேலை செய்யுதான்னு யாராவது சோதிச்சாங்களா? ஸ்வான்சனே சோதித்தார். கருச்சிதைவுக்கு ஆளான 341 தம்பதிகளை நான்கு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு, இந்த ஐந்து பகுதிகளின் அடிப்படையில் நர்ஸோட மூன்று சந்திப்பு. இன்னொரு குழுவுக்கு அவங்களே பார்த்துச் செய்யும் வீடியோவும் பயிற்சிப் புத்தகமும். மூன்றாவது குழுவுக்கு இரண்டும் கலந்து. நான்காவதுக்கு எதுவும் இல்லை. 2009-ல் முடிவு வெளியானது. துக்கமும் மனச்சோர்வும் தணிவதில் அதிகம் பரவலான பலன் நர்ஸ் மூன்று முறை சந்தித்த குழுவில்தான். வெறும் மூன்று உரையாடல், மக்களே!

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். இந்த ஐந்துக்கும் பொதுவா ஒண்ணு தேவை: நேரம். தட்டைப் பார்க்க நேரம். திரையை இழுத்துவிட நேரம். இன்சுலின் சொல்லிக்கொடுக்க இருபது நிமிடம்.

2002-ல் லிண்டா எய்க்கன் குழுவினர், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளின் தரவுகளை ஆராய்ந்தார்கள். ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் அபாயம் ஏறத்தாழ 7 சதவீதம் அதிகமாக இருந்தது. இது தொடர்பைக் காட்டுற ஆய்வுதான். இதுதான் ஒரே காரணம்னு நிரூபிக்கிறது இல்ல. ஆனா அலட்சியம் பண்ணக்கூடிய எண்ணும் இல்ல. கலிபோர்னியா இதற்கு 1999-லேயே சட்டம் போட்டு, 2004 முதல் நடைமுறைப்படுத்தியது. இப்போது அங்கே சாதாரண மருத்துவ, அறுவை சிகிச்சை வார்டுகளில் ஒரு நர்ஸுக்கு அதிகபட்சம் ஐந்து நோயாளிகள்.

நம்ம ஊர் வார்டை நினைச்சுப் பாருங்க. "செய்து கொடுத்தல்" பெரும்பாலும் யார் கையில இருக்கு? கட்டில் பக்கத்துல பாய் விரிச்சுப் படுத்திருக்கிற அம்மா, மருமகள், தங்கச்சி கையில. பல மருத்துவமனைகள்ல அட்டெண்டர் ஒருத்தர் கூட இருந்தே ஆகணும். பயிற்சி இல்லாதவங்க, சம்பளமும் இல்ல. அதனால நமக்கு நாலாவது பகுதி, இயலச் செய்தல், ரொம்ப முக்கியம். டிஸ்சார்ஜ் அன்னைக்கு நர்ஸ் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் அந்த இருபது நிமிடம் கிடைக்கலைன்னா, வீட்டில் இருக்கும் அந்த மருமகள் இருட்டுல தடவுறாங்க.

"அந்த ஆஸ்பத்திரியில சிஸ்டர்ங்க சிடுசிடுன்னு இருக்காங்க"ன்னு அடுத்த தடவை யாராவது சொன்னா, ஒரு கேள்வி கேளுங்க: இந்த ஷிஃப்ட்ல ஒரு சிஸ்டருக்கு எத்தனை பெட்? பத்தாள் வேலையை ரெண்டு டெவலப்பர் தலையில கட்டினா நாம எப்படி இருப்போம்னு நமக்கே தெரியும்ல?

வீட்டில் யாரையாவது அட்மிட் பண்ற நிலைமை வந்தா, ரெண்டு விஷயம் செய்யலாம். நோயாளியோட பழக்கவழக்கத்தை நர்ஸ்கிட்ட நீங்களே சொல்லுங்க: எந்தக் காது கேட்காது, பல்செட் உண்டா, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பார். அது அவங்களோட "அறிதல்" வேலையைப் பாதி குறைக்கும். ரெண்டாவது, டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே கேளுங்க: "சிஸ்டர், இதை எனக்கு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. அடுத்து நான் செய்றேன், நீங்க பாருங்க."

நல்லா பார்த்துக்கிட்ட நர்ஸுக்கு நன்றி சொல்லும்போது, "தங்கமான மனசு"ங்கிறதோட நிறுத்திடாதீங்க. அவங்க செய்த வேலையைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்க. ஃபீட்பேக் ஃபார்ம்லயும் அதையே எழுதுங்க. எழுத்துல வராத வேலைக்கு ஆள் எடுக்கச் சொல்லி யாரும் கேட்க முடியாது.

கேட்கிறவங்கள்ல நர்ஸ்கள் இருந்தா, உங்க ஷிஃப்ட் எப்படி இருக்குன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.