14 டீம், 13 மேட்ச்: ஐஎஸ்எல் கணக்கு எங்கே இடிக்குது?

இந்த எபிசோடில் ஃபுட்பால் ரசிகர்களுக்குள்ள ஓயாம நடக்கிற ஒரு சண்டையை எடுத்துக்கலாம். இந்தியன் சூப்பர் லீகில் டீம்களைக் கூட்டணுமா, இல்லை சீசனை முதல்ல ஒழுங்குபடுத்தணுமா? ரெண்டும் வேணும்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். ஆனா கையில் காசும் நேரமும் குறைவா இருக்கும்போது எது முன்னாடி, எது பின்னாடின்னு முடிவு பண்ணித்தான் ஆகணும். நான் சீசன் கட்சி. ஏன்னு சொல்றேன். எதிர்க்கட்சியோட வாதத்தையும் நியாயமாவே வைக்கிறேன்.

முதல்ல கணக்கைப் பார்ப்போம். 2014இல் ஐஎஸ்எல் தொடங்கினப்போ 8 டீம். அக்டோபர் 12இல் ஆரம்பிச்சு டிசம்பர் 20இல் முடிஞ்சுபோச்சு. வெறும் பத்து வாரம். 2017-18இல் பெங்களூரு எஃப்சியும் ஜாம்ஷெட்பூர் எஃப்சியும் வந்து 10 ஆச்சு. 2020-21இல் ஈஸ்ட் பெங்கால் வந்து 11. அடுத்து பஞ்சாப் எஃப்சி, அதுக்கடுத்த வருஷம் முகமதன் ஸ்போர்ட்டிங். இந்த ரெண்டு டீமும் ஐ-லீகை ஜெயிச்சு மேல ஏறி வந்தவை. அதைக் கவனிச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

2024-25இல் 13 டீம். செப்டம்பர் 13இலிருந்து ஏப்ரல் 12 வரை ஏழு மாசம். லீக் சுற்றில் மட்டும் ஒவ்வொரு டீமுக்கும் 24 மேட்ச், அதில் 12 சொந்த மைதானத்தில். பத்து வருஷம் கழிச்சு ஒரு லீக் மாதிரியான லீக் கிடைச்சது.

அங்கேதான் வண்டி நின்னுச்சு. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் 2010 டிசம்பரில் ரிலையன்ஸ் தரப்போடு போட்ட 15 வருஷ, 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. அதுக்கப்புறம் என்னன்னு தெரியாத நிலையில், ஜூலையிலேயே சீசனை நிறுத்தி வெச்சாங்க. நம்ம சென்னையின் எஃப்சி உட்பட சில கிளப்கள் தங்களோட வேலைகளையே நிறுத்தினாங்க. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போச்சு. புது டெண்டர் விட்டாங்க, ஏலம் கேட்க ஆளே வரலை. கடைசியில் 2026 ஜனவரி 6ஆம் தேதி மத்திய விளையாட்டு அமைச்சர் அறிவிச்சார்: பிப்ரவரி 14இல் லீக் தொடங்கும், 14 கிளப்கள், மொத்தம் 91 மேட்ச்.

91ஐக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. 14 டீமும் ஒருத்தரோட ஒருத்தர் ஒரே ஒரு தடவை மோதினா 91. அதாவது ஒரு டீமுக்கு 13 மேட்ச். போன சீசனில் 24 ஆடினவங்க இந்த சீசனில் 13. சொந்த ஊர் மேட்ச் 12இலிருந்து ஆறு, ஏழுன்னு சுருங்கிடுது. டீம் எண்ணிக்கை வரலாற்றிலேயே அதிகம், ஆனா ஆட்டம் பாதி. எண்ணிக்கை கூடறது மட்டுமே வளர்ச்சி இல்லைன்னு இதைவிடத் தெளிவா யாராலும் காட்ட முடியாது.

இதனால நஷ்டம் யாருக்கு? ஆசியக் கோப்பைகளில் ஆட ஒரு கிளப் சீசனுக்கு 24 மேட்சாவது ஆடியிருக்கணும்னு ஆசியக் கூட்டமைப்பு எதிர்பார்க்குது. அது கிளப்போட கவலை. எனக்கு அதைவிடப் பெரிய கவலை 22 வயசு ஆட்டக்காரன். ஒரு கால்பந்து ஆட்டக்காரனோட நல்ல காலம் பத்துப் பன்னிரண்டு வருஷம். 2025 ஏப்ரல் முதல் 2026 பிப்ரவரி வரை, நடுவில் சூப்பர் கப் தவிர, பத்து மாசம் லீக் இல்லை. அவனோட உழைப்புக் காலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு வரைக்கும் போச்சு. அதை யாரும் திருப்பித் தர முடியாது.

இப்போ எதிர்க்கட்சி வாதம். அது லேசானது இல்லை. தமிழ்நாடு முழுக்க ஐஎஸ்எல்லில் ஒரே டீம்தான். விருத்தாசலத்திலிருந்து பேசற எனக்கு அந்த டீமைப் பார்க்க இருநூறு கிலோமீட்டருக்கு மேல போகணும். ராத்திரி ஏழரை மணி மேட்ச் முடிய ஒன்பதரை ஆகும். எழும்பூரில் வண்டி பிடிச்சா விடியறதுக்குள்ள ஊர். அது வேலை நாளா இருந்துட்டா மறுநாள் லீவு போடணும். மதுரைக்காரருக்கும் நெல்லைக்காரருக்கும் இன்னும் தூரம். பக்கத்தில் டீம் இல்லாம ரசிகர் எங்கிருந்து வருவார்? நியாயமான கேள்விதான்.

ஆனா பக்கத்தில் டீம் இருந்தா மட்டும் போதுமா? கோயம்புத்தூரில் ஆடின சென்னை சிட்டி எஃப்சி 2018-19இல் ஐ-லீகையே ஜெயிச்சது. நேரு ஸ்டேடியத்தில் கூட்டமும் வந்தது. அப்போ ஐ-லீக் சாம்பியனுக்கு ஐஎஸ்எல்லுக்குப் போக வழியே கிடையாது. இன்னைக்கு அந்த டீம் ஐ-லீகிலும் இல்லை. ஏணியில்லாத இடத்தில் ஜெயிச்சு என்ன பயன்?

பெண்கள் லீகில் இதே சண்டைக்கு ஒரு பதில் ஏற்கெனவே கிடைச்சிருக்கு. எங்க கடலூர் மாவட்டம் பெண்கள் கால்பந்துக்குப் பேர்போனது. இந்திய அணிக்கு ஆடின இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். மதுரையின் சேது எஃப்சி 2019இல் இந்தியப் பெண்கள் லீகை ஜெயிச்ச டீம். அந்த லீகில் 2022-23இல் 16 டீம். எல்லாரையும் அகமதாபாத்துக்கு வரவழைச்சு ஒரு மாசத்துக்குள்ள முடிச்சுட்டாங்க. குரூப் சுற்றோடு வெளியேறின டீமுக்கு வருஷத்துக்கு ஏழே மேட்ச். அடுத்த சீசனில் 7 டீம், ஆனா சொந்த ஊர், வெளியூர் முறை. எல்லாருக்கும் 12 மேட்ச், மூணு மாசத்துக்கு மேல. அதுக்கடுத்து 8 டீம். முதல்ல சுருக்கினாங்க, ஆட்டத்தைக் கூட்டினாங்க, அப்புறம் ஒண்ணு சேர்த்தாங்க. எனக்குப் பிடிச்ச வரிசை இதுதான். ஒரு குறையும் இருக்கு: இடம் இழந்த டீம்களில் ஆடின பொண்ணுங்க அந்த வருஷம் எங்கே போவாங்க? கீழ இன்னொரு டிவிஷன் உறுதியா இருந்தாத்தான் இந்த வழி நியாயமாகும்.

அடுத்தது, எந்த மாசத்தில் ஆடறது? எங்க ஊர் பீங்கானுக்குப் பேர்போன ஊர். இங்கே விளக்கு செய்யறவங்களைக் கேட்டா காலண்டர் போடறது எப்படின்னு சொல்லுவாங்க. கார்த்திகை தீபம் யாருக்காகவும் தள்ளிப்போகாது. அதே சமயத்தில் வடகிழக்குப் பருவமழையும் வந்து நிக்கும். மழையில் மண் காயாது. அதனால பண்டிகைத் தேதியை வெச்சுக்கிட்டுப் பின்னாடி எண்ணி, வெயில் காலத்திலேயே வேலையைத் தொடங்கணும். லீகுக்கும் மழை புதுசு இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் எஃப்சி தன்னோட அரையிறுதி சொந்த ஊர் ஆட்டத்தைப் புனேயில் ஆட வேண்டி வந்தது. அந்த வருஷம் கோப்பையை ஜெயிச்சது வேற விஷயம். மழைக்குப் பயந்து கோடைக்குத் தள்ளினா, மே மாச வெயிலும் புழுக்கமும். நம்ம நாட்டில் எல்லா ஊருக்கும் ஒத்துவர்ற மாசம்னு ஒண்ணு கிடையாது. நல்ல மாசத்தைத் தேடறதைவிட, ஒரு மாசத்தை முன்கூட்டியே முடிவு பண்றது முக்கியம்.

ஜப்பானைப் பாருங்க. 1993இல் ஜே-லீக் 10 டீமோட தொடங்கியது. இப்போ மூணு டிவிஷன், 60 கிளப். பிப்ரவரியில் தொடங்கற சீசனை ஆகஸ்டுக்கு மாத்தறோம்னு 2023 டிசம்பரில் முடிவெடுத்தாங்க, அமலுக்கு வர்றது 2026இல். அமெரிக்காவின் எம்எல்எஸ்ஸும் 30 டீம் ஆன பிறகு, 2027இலிருந்து காலண்டரை மாத்தறதா 2025 நவம்பரிலேயே அறிவிச்சாச்சு. நமக்குக் கிடைச்ச அவகாசம் எவ்வளவு தெரியுமா? ஜனவரி 6இலிருந்து பிப்ரவரி 14 வரை, 39 நாள். அதுக்குள்ள மைதானம், ஸ்பான்சர், வெளிநாட்டு ஆட்டக்காரர், டிக்கெட், எல்லாம்.

அதனால என் கோரிக்கை மூணு. ஒண்ணு, அடுத்த மூணு சீசனோட தொடக்க, முடிவுத் தேதிகளை இப்பவே எழுதிப் போடுங்க. ரெண்டு, இப்போ இருக்கிற 14 டீமுக்கும் சொந்த ஊர், வெளியூர் முறையில் 26 மேட்ச் உறுதியாகற வரை புது டீமை விலைக்கு விக்காதீங்க. மூணு, அதுக்கப்புறம் வர்ற டீம் பஞ்சாப், முகமதன் மாதிரி கீழிருந்து ஜெயிச்சே வரட்டும். இறக்கமும் இருக்கட்டும். ஆனா இறங்கற டீம் செத்துப்போகாத அளவுக்கு ஒரு தொகை கொடுங்க.

உங்களில் சிலருக்கு இது பிடிக்காது. "எங்க ஊருக்கு டீம் எப்போ வரும், அதுவரைக்கும் காத்திருக்கணுமா?"ன்னு கேப்பீங்க. ஆமா, காத்திருக்கணும்னுதான் நான் சொல்றேன். ஏழு மேட்சுக்காக வந்து அடுத்த வருஷம் காணாமப்போற டீமைவிட, அஞ்சு வருஷம் கழிச்சு வந்து அப்படியே நிலைக்கிற டீம் மேல். இதில் உடன்படாதவங்க உங்க கணக்கைப் போட்டு ஒரு நிமிஷ வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க. எத்தனை டீம், எத்தனை மேட்ச், எந்த மாசம்: இந்த மூணு எண்ணும் அதில் இருக்கணும். அடுத்த எபிசோடில் அதை வெச்சே பேசலாம்.